தண்ணீர் லாரி வந்த தேதி

உலகத்தில் எல்லாருடைய கடிகாரமும் பொய் சொல்கிறது என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் தேதி மாமாதான். அபிராமபுரத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு ஒரு மின்மடல் குழு உண்டு. யார் எழுதினாலும் முப்பத்திரண்டு வீட்டுக்கும் போகும். பழைய மடல்கள் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் சேரும். அந்தப் பக்கத்துக்கு மாமாதான் காவல்.

சிலர் கணினியில் பேட்டரி செத்து, தேதி தாறுமாறாக ஓடும். ஒருமுறை லிஃப்ட் பழுது பற்றி நான் எழுதியது, நான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அரை மணியில் மாமா கதவைத் தட்டினார்.

"ஏம்ப்பா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே லிஃப்ட் ரிப்பேரா?"

"கம்ப்யூட்டர்ல தேதி தப்பு மாமா."

"அனுப்பின மெஷின் என்ன வேணா உளறும். வந்து சேர்ந்த நேரம் சர்வர்ல இருக்கு. அதை வெச்சுத் திருத்திட்டேன்."

சொன்னதோடு விடவில்லை. சாயங்காலம் புதுப் பேட்டரி வாங்கி வந்து அவரே மாட்டிவிட்டுப் போனார். எந்தத் தப்புத் தேதியும் அவரிடம் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்காது. ஒன்றைத் தவிர.

அது மாமி எழுதியது. "தண்ணி லாரி வந்துடுத்து. குடத்தோட கீழ வாங்கோ." மாமியின் கணினி அதில் பல வருஷம் தள்ளி வரப்போகும் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து என்று போட்டுவிட்டது. மாமா திருத்த உட்கார்வதற்குள் மாமிக்கு நெஞ்சுவலி. அன்று மாலையே போய்விட்டார். பிறகு மாமா அதைத் தொடவில்லை.

யார் என்ன எழுதினாலும் அதற்குக் கீழேதான் விழும். பட்டியலின் உச்சியில், ஆகப் புதிய மடலாக, மாமி எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தேதியைப் பார்க்காத புதுக் குடித்தனக்காரர்கள் குடத்தோடு இறங்கி, காலித் தெருவைப் பார்த்துத் திரும்புவார்கள். "அந்த மாமி எந்த ஃப்ளாட் சார்?" என்று கேட்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நெருங்க, மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அந்தத் தேதி தாண்டிட்டா, யாராவது ஒரு மெயில் போட்டாப் போதும். அவ கீழ போயிடுவா" என்றார்.

அன்று காலை இருவரும் கேட்டருகே நின்றோம். சரியாக ஆறு பத்துக்கு ஹாரன் கேட்டது. தண்ணீர் லாரி. எங்கள் கட்டடத்தில் யாரும் வரச் சொல்லியிருக்கவில்லை.

"யாருப்பா கூப்பிட்டது?" என்றேன்.

"இன்னா சார், ஒரு அம்மா போன் பண்ணிச்சு. கேட்டாண்ட நிக்கறேன்னு சொல்லிச்சு. சீக்கிரம் குடத்தை எடுத்துனு வா சார்" என்றார் டிரைவர்.

வேறு கட்டடத்துக்கு வந்த லாரியாக இருக்கும் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். மாமா மேலே போய், குடத்தைக் கொண்டுவந்து பிடித்தார்.

மறுநாள் எங்கள் வீட்டுக் குழாயில் கசிவு. குழுவுக்கு எழுதியே ஆக வேண்டும். கணினியின் தேதியை ஒரு வாரம் பின்னுக்குத் தள்ளிவிட்டு அனுப்பினேன். மடல் மாமிக்குக் கீழே போய் அடக்கமாக உட்கார்ந்தது. அரை மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வரவில்லை. பிறகு மற்ற வீடுகளின் மடல்களும் பழைய தேதியிலேயே வர ஆரம்பித்தன. இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை.

அடுத்த வாரம் லிஃப்டில் மாமா என் தோளைத் தொட்டு, "உன் பேட்டரி போயிடுத்து போலிருக்கு. மாத்திடாதேப்பா" என்றார். அவரை அன்றைக்குத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் பேட்டரியை மாட்டியதே அவர்தானே.