ஆயிரத்துக்கு முப்பத்தைந்து

"நேத்து முப்பத்தஞ்சு, இன்னைக்கு முப்பது! யாரோ தொட்டியில நல்ல தண்ணிய ஊத்துறாங்க!"

உப்பை அளக்கும் குட்டிக் குழாய் போன்ற கருவியைக் கண்ணில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி கேஷியர் கத்தினார். கள்ள நோட்டு பிடித்துப் பழகிய கண் அது. பெற்ற தாயையே இரண்டு தடவை பார்க்கும்.

தொட்டியிலிருந்த இரண்டு கடல் மீன்களும் மேனேஜருடையவை. வெளியூர் போகுமுன் தொட்டியோடு ஒப்படைத்து, "கடல் தண்ணி ஆயிரம் கிராம்ல முப்பத்தஞ்சு கிராம் உப்பு இருக்கும். அது மாறினா மீன் செத்துடும். மீன் செத்தா உங்க பிரமோஷனும்..." என்று இழுத்திருந்தார். அளக்கவும் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் முதலில், கூடக் கொடுத்த பாட்டிலில் இருக்கும் சுத்தத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, கருவியைப் பூஜ்யத்துக்குத் திருகிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் தொட்டித் தண்ணீர்.

கேஷியரின் பார்வை ஹாலில் படுத்திருந்த மச்சினன் மேல் விழுந்தது. வேலை தேடி, துணைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தவன்.

"மாமா, நான் குடிக்கிற தண்ணிக்கே எழுந்திரிக்க மாட்டேன். மீனுக்கா எழுந்திரிக்கப் போறேன்?"

நியாயமான பதில். அதனாலேயே கேஷியருக்குச் சந்தேகம் கூடியது.

முப்பத்தைந்து வரும்வரை உப்பைக் கரைத்தார். மறுநாள் காலை இருபத்தெட்டு. மச்சினன் படுக்கையைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு, இன்னும் உப்பு போட்டார். அடுத்த நாள் இருபத்தைந்து. உப்புப் பொட்டலத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார். மனைவி பேச்சை நிறுத்தினாள்.

மீன்கள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. பிரமோஷன் ஒருபுறம் இருக்கட்டும், அதுகள் என்ன பாவம் செய்தன?

அப்போதுதான் கொடியில் தொங்கிய மச்சினனின் கறுப்புச் சட்டை கண்ணில் பட்டது. காலரெல்லாம் வெள்ளைப் பொடி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாக்கை நீட்டினார்.

உப்பு!

"என் தம்பி சட்டைய எதுக்கு நக்குறீங்க?" மனைவியின் மௌனம் கலைந்தது.

"உன் தம்பி உப்புத் திருடன்! தொட்டியில தண்ணிய ஊத்திட்டு, உப்பக் களவாடுறான்!"

"மாமா, உப்பத் திருடி நான் என்ன செய்ய?"

"அதத்தான்டா நானும் கேக்குறேன்!"

அழைப்பு மணி அடித்தது. வாசலில் பெட்டியோடு மேனேஜர். மீன்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கேஷியர் பாட்டில் தண்ணீரில் பூஜ்யத்துக்குத் திருகி, தொட்டியை அளந்து காட்டினார்.

"இருபத்திரண்டு சார். உப்பு ரொம்பக் குறைஞ்சுபோச்சு. எல்லாம் என் மச்சினன் வேலை."

மேனேஜர் தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கண் பிதுங்கியது.

"குறைஞ்சுபோச்சா? யோவ், இது கடல் இல்ல, உப்பளம்!"

கேஷியர் கருவியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

சத்தம் கேட்டு, ஆவி இஸ்திரிப் பெட்டியும் கையுமாக மாமியார் உள்ளிருந்து வந்தார்.

"மாப்பிள்ளை, என் புள்ளைமேல அபாண்டமா பழி போடாதீங்க. அவன் சட்டைக்கு இஸ்திரி போட அந்த பாட்டில்ல இருக்கிற சுத்தத் தண்ணிய தினமும் எடுக்கிறது நான்தான். ஆனா ஒரு சொட்டு குறைய விட்டதில்ல, எடுத்த அளவுக்கு உங்க தொட்டித் தண்ணியவே மொண்டு ரொப்பி வச்சிடுறேன்!"