மேடத்தின் கூட்டுக்கு நாலு மருமகள்கள்

தாராவி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பும் பொறுமையும் நிறைந்த என் மனைவி சைனபுக்கு, உன் கணவன் கரீம் பாட்சா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும், மகனும், மருமகள் நுஸ்ரத்தும், பேரப்பிள்ளைகளும், மாடியில் உன் மூன்று கோழிகளும் சுகம். டோம்பிவிலியில் நீயும், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் நம் ஷமீமாவும், புதுப் பேரனும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். பொறுமை என்று எழுதியது வழக்கத்துக்காக, நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ முடித்து வைப்பாய். அன்றைக்கு ஷமீமா, "வாப்பா, உம்மா இன்னும் ஒரு மாசம் இங்கன இருக்கட்டும்" என்று கேட்டபோது, "உங்க வாப்பாவ நம்பி எங் கோளியள விட்டுட்டு வந்ததே தப்பு, இதுல ஒரு மாசம் வேறயா!" என்று நீ பின்னாலிருந்து சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. அதற்குப் பதில்தான் இது. தாராளமாக இரு. இங்கே எல்லாம் என் கைக்குள் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், உன் கோழிகளுக்குத் துணையாக நாலு விடைக்கோழி வாங்கினேன். இன்னும் முட்டை வைக்காத சின்னதுகள், பார்க்க லட்சணமானவை. கத்தாதே, வாங்கியாகிவிட்டது. நேராக மாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் உன் கூட்டைத் திறந்து, பட்டப்பகலில் உள்ளே விட்டேன். நுஸ்ரத், "மாமா, பெருசு கொத்திரும்" என்றாள். "ஏம்மா, புது மருமக வீட்டுக்கு வந்தா மாமியா கட்டிப்பிடிச்சு உள்ள கூப்பிட மாட்டாளா?" என்றேன். அவள் இருமினாள். ஏன் இருமினாள் என்று நான் கேட்கவில்லை. கீழே பட்டறைக்கு வந்து கைப்பைக்கு வார் தைக்க உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு மங்கல் தாயி ஜன்னலில் நின்று, "பாட்சா பாய்! கோம்ப்டியா பில்லான்னா மார்தாயத்!" என்று மராட்டியில் அலறினாள். எனக்கு மராட்டி தெரியாதா என்ன? கோம்ப்டி என்றால் கோழி. மார் என்றால் அடி. பில்லா என்றால் நம்ம பிள்ளை. ஆக, நம் பேரப்பிள்ளைகள் கோழியை அடிக்கிறார்கள்! வந்ததே எனக்குக் கோபம். வீட்டுக்குள் போய்ப் பரீஹாவையும் காலிதையும் காதைப் பிடித்து நிறுத்தி, வாயில்லாத ஜீவன்களிடம் எப்படி இரக்கம் காட்டவேண்டும் என்று ஒரு பயான் வைத்தேன். நல்ல பயான். எனக்கே கண் கலங்கிவிட்டது. காலித் அழ ஆரம்பித்தான். "தாதா, நாங்க ஹோம்வொர்க் பண்ணுதோம், கசம்ஸே, சத்தியமா!" என்று பரீஹா கத்தினாள். மங்கல் தாயியோ நிறுத்தவில்லை, பில்லா பில்லா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். பரீஹா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தாதா, மராட்டியில பில்லுன்னா குஞ்சு! கோளிதான் குஞ்சுகள அடிக்கி!" என்றாள்.

நான் மாடி ஏறுவதற்குள் உன் சிவப்புக் கோழி, அதுதான் நாம் மேடம் என்று கூப்பிடும் அந்த மகராசி, மூன்று சின்னதை மூலையில் ஒடுக்கிவிட்டு ஒன்றின் கழுத்து மயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. நாலாவதைக் காணோம். தேடாத இடமில்லை. நான் கூட்டுக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று நுஸ்ரத் சொல்கிறாள், அது அவள் அபிப்பிராயம். சாயங்காலம் பட்டறைக்கு வந்த சேட் புது மாடல் லேடீஸ் பையை எடுத்து ஜிப்பைத் திறந்தார், உள்ளே இருந்து ஒரு தலை வெளியே வந்து அவரைப் பார்த்தது. "யே கௌன்சா டிசைன் ஹை, பாய்?" என்றார், இது என்ன டிசைனாம். பையில் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள் என்று சமாளித்தேன். வியாபாரி என்றால் அப்படி இருக்கவேண்டும்.

அப்புறம் கூட்டுக்கு நடுவே கம்பி வலை ஜாலி அடித்துத் தடுத்தோம். யோசனை தன்னுடையது என்று நுஸ்ரத் சொல்வாள், ஆணி அடித்தது நான். ஒரு வாரமாக இந்தப் பக்கம் பெரியதுகள், அந்தப் பக்கம் சின்னதுகள், பார்க்கலாம், தொட முடியாது. முதல் இரண்டு நாள் மேடம் ஜாலியைக் கொத்தியது, பிறகு முறைத்தது, இப்போது கண்டுகொள்வதே இல்லை. கண்டுகொள்ளாமல் விட்டாலே பாதி சம்மதம் என்பது உன்னிடம் நான் படித்த பாடம். இன்று மஃரிபுக்கு ஜாலியை எடுத்துவிட்டுச் சின்னதுகளைத் தூக்கி மேடத்துக்குப் பக்கத்துக் கம்பில் உட்கார வைக்கப்போகிறேன். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. விடிந்து பார்க்கும்போது, இவளுக இங்கனதான் இருந்தாளுக போல என்று அது நினைத்துக்கொள்ளும். ஆகவே நீ கவலையில்லாமல் ஒரு மாதம் என்ன, இரண்டு மாதம்கூட இரு. சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. என் சட்டை என் கைக்குக் கிடைக்கிறது. ஒரு குறையும் இல்லை.

ஷமீமாவுக்கும் மருமகனுக்கும் என் சலாம். பேரனின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும், எனக்குக் கொஞ்சம் நல்ல பெயரையும் தருவானாக.

இப்படிக்கு,
உன்
கரீம் பாட்சா

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. இப்போதுதான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஏழும் ஒரே தட்டில் தீனி தின்கின்றன. மேடம் சும்மா ஒரு அதட்டுப் போட்டது, சின்னதுகள் ஒதுங்கி வழி விட்டன, அவ்வளவுதான் சண்டை. சந்தோஷத்தில், "ஏ சைனப், இங்க வந்து பாரு!" என்று கூப்பிட்டுவிட்டேன். நுஸ்ரத் கேட்டுவிட்டாள், ஆனால் கேட்காத மாதிரி கீழே போய்விட்டாள். மேலே எழுதியதைப் படித்து, மனுசன் சமாளிக்கிறார் என்று அங்கேயே இருந்துவிடாதே. ஒரு மாதமெல்லாம் என்னால் ஆகாது புள்ள. இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வா, லோக்கல் ரயிலில் கூட்டம் இருக்காது. சயான் ஸ்டேஷனில் காலையிலிருந்தே நிற்பேன். ஏன் உம்மா இவ்வளவு அவசரம் என்று ஷமீமா கேட்டால், கோளியள் அடிச்சுக்கிட்டுச் சாவுதுன்னு சொல்லிரு.