கையில் டப்பா, எதிரே சாமி

எங்கள் ஊரில் எதையும் மறைத்து எடுத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. ‘பையில இன்னா?’ என்று நாலு பேராவது கேட்பார்கள். அது தெரிந்தும், பங்குனி உற்சவக் காலையில் என் மலத்தை நானே டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பிய புத்திசாலி நான்.

“அம்பது தாண்டிட்டீங்க, பெருங்குடல்ல புற்றுநோய் இருக்குதான்னு ஒருதடவ பாத்துடலாம்மா” என்று டாக்டர் கொடுத்த டப்பா அது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடுமாம். கணவரிடம்கூட நான் மூச்சு விடவில்லை. (நோய் என்ற பயம் பாதி, டப்பா என்ற வெட்கம் மீதி.)

வாசலில் கால் வைத்தேன், ஊர்வலம் வந்த சாமி நேரே வந்து நின்றார். குருக்கள் கற்பூரத் தட்டை நீட்டினார். கக்கத்தில் டப்பா இருந்த பை. கை நீட்ட மனம் வரவில்லை. “வேணாம் சாமி” என்று பின்வாங்கி, பக்கவாட்டில் நழுவி, லேபைப் பார்த்து ஓடினேன்.

எதிர்வீட்டுக் கமலாக்கா பார்த்துவிட்டார். வாசல் தேடி வந்த சாமியை ஒருத்தி வேண்டாம் என்றால் எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான்: பங்காளி வீட்டில் சாவு, தீட்டு. ஏனாத்தூரில் இருக்கும் என் கணவரின் அண்ணன் கொஞ்ச நாளாக முகம் வெளுத்துப் போயிருந்தார். போதாதா? நான் திரும்பி வருவதற்குள் கமலாக்கா தலைமையில் ஓர் ஆட்டோ, மாலையோடு ஏனாத்தூர் போய்விட்டது. (போன் போட்டிருக்கலாமே என்கிறீர்களா? செத்தவர் வீட்டுக்குப் போன் போட்டு என்னவென்று கேட்பது?)

கதவைத் திறந்தவர் அவரேதான். “யாருக்கும்மா மாலை?” என்று கேட்டாராம். கமலாக்கா அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாராம். அத்தனை பெரிய மாலையை.

அதே ஆட்டோவில் அவரையும் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள்.

“ஏம்மா, நான் நல்லாத்தானே கீறேன். என்னை எதுக்குச் சாவடிச்ச?”

கூடம் நிறையப் பேர். அவசரத்துக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. “கையில மலம் வெச்சிருந்தேன் மாமா” என்று நடந்ததைச் சொன்னேன். கமலாக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். வெட்கமும் இருந்தது, ரிசல்ட் என்ன வருமோ என்ற பயமும் இருந்தது.

எல்லோரும் போன பிறகு மாமா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“அந்த டப்பா எங்கம்மா குடுக்கறாங்க? எனக்கு மாசக்கணக்கா ரத்தம் போய்க்கினு இருக்குது. மூலம்னு நெனச்சி யார்கிட்டயும் சொல்லல.”

என் டப்பாவில் ஒன்றுமில்லை. அவருக்கு டப்பாவே வேண்டியிருக்கவில்லை. நேராகக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி இருந்தது. நல்லவேளை, பரவியிருக்கவில்லை. ஆபரேஷனோடு போயிற்று.

இப்போது எந்தக் கல்யாணப் பந்தியிலும், பாயசம் பரிமாறும் நேரமாகப் பார்த்து, “அம்பது தாண்டுனவங்கல்லாம் இந்தப் பொண்ணுகிட்ட டப்பா வெவரம் கேட்டுக்குங்கப்பா” என்று மாமா சத்தமாகச் சொல்கிறார். நான் இலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். ஆனால் கை கழுவப் போகும்போது, யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்ல என் பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால் மாமாவைச் சும்மா இருக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.