ஏழு மாதக் கர்ப்பிணி மகளுக்குக் கைப்பிடி பொருத்திய அப்பா எழுதுவது

அன்பு மகள் குருவிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முழங்கால் தவிர மற்றபடி நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் சின்னதும் சுகம்தானே?

உன் குளியலறையில் நான் பொருத்திய கைப்பிடி, நீ பிடித்ததும் சுவர்ப்பூச்சோடு கையில் வந்துவிட்டதற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறேன். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனை ஒரு சுவர் ஏமாற்றிவிட்டது. நல்லவேளை, நீ விழவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்து, "நான் ஒண்ணும் கண்ணாடிச் சாமான் இல்லப்பா. கொஞ்ச நாள் உங்க வீட்டுக்குப் போங்க" என்றாயே, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இறங்குகிறது, ருசிதான் தெரியவில்லை.

சும்மா இருக்க முடியாமல் நேற்று ஒரு நரம்பு டாக்டரிடம் டோக்கன் வாங்கிப் போய் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"என் மகளுக்கு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்."

"அவங்க எங்க?"

"அவ வீட்ல. ஏழு மாசம்."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பயமா இருக்கு டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். நரம்பின் மேலுறை உரிகிற நோய்; ஒயரின் உறை உரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? உன் கண் மங்கி, கால் மரத்து நீ படுத்திருந்த அந்த மூன்று வாரத்தை மறக்க முடியுமா? ஆனால் அவர் சொன்னது வேறு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, அதிலும் கடைசி மாதங்களில், தாக்குதல் பெரும்பாலும் குறைந்துவிடுமாம்.

"அசதி இருக்கும். குழந்தை பிறந்த முதல் மூணு மாசம்தான் கவனமா இருக்கணும். அப்பதான் திரும்ப வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், எல்லாருக்கும் வராது. மருந்தை எப்ப தொடங்கறதுன்னு அவங்க டாக்டர் சொல்வாங்க. அவங்க நல்லாத் தூங்கணும். பிள்ளையைத் தூக்கி வச்சுக்க வீட்ல ஓர் ஆள் வேணும்."

ஆள்! கேட்டதும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. வெளியே வந்த பிறகு வெட்கமாகிவிட்டது. மகளுக்கு முடியாமல் போனால்தான் நமக்கு வேலை என்று ஒரு தகப்பன் சந்தோஷப்படலாமா? உனக்கு ஒன்றும் வரவே வேண்டாம் குருவி. நன்றாக இருக்கும்போதே என்னைக் கூப்பிடலாமே என்றுதான் ஏங்குகிறேன். சுவரைத் தொட மாட்டேன். "மெதுவா நட" என்று சொல்லவும் மாட்டேன். ஹாலில் ஓர் ஓரம் போதும்.

ஆனாலும் அவசரமில்லை. நீயாகக் கூப்பிடும்வரை வர மாட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு. மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஆசிகள்.

உன் அப்பா

பின்குறிப்பு: ரோஷம் என்று எழுதியதை அடித்துவிடு. உறையை ஒட்டும்போது மாப்பிள்ளை போன் செய்தார். நீ கூப்பிட்டால்தான் வருவேன் என்று அவரிடமும் சொன்னேன். பின்னாலிருந்து நீ, "கூப்பிட்டாத்தான் வருவாராமா? பெட்டியைத் தூக்கிட்டு வரச் சொல்லுங்க!" என்று கத்தியது எனக்கும் கேட்டது. தபாலுக்கெல்லாம் நேரமில்லை, கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். என் எதிரில் மட்டும் படிக்காதே, கூச்சமாக இருக்கும்.