அத்தை, ரம்பத்தோடு உடனே வரவும்

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்து, கிழித்ததைத் தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். இங்கு நானும் அம்மாவும் நலம். அப்பாவின் கால் மிக மிக நலம். அதுதான் பிரச்சினை.

விடுதி அறையின் குளியலறையில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே சுவர் பாதிதான் பூசியிருக்கிறது. மீதிப் பூச்சு அப்பாவின் வலது காலில் இருக்கிறது. பயத்தில் முன்னும் பின்னுமாக எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கடலோரமாகவே பத்து நாளில் பத்து ஊர் நடக்க வேண்டும் என்று உங்கள் தம்பிக்கு ஆசை வந்தது உங்களுக்கே தெரியும். இரண்டாவது ஊரிலேயே, "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டுப் போலாம்" என்றார். இன்று இருபத்தாறாவது நாள். பைகள் தலையணைகளாகிவிட்டன. பள்ளி திறந்துவிட்டது, வெள்ளிக்கிழமை எனக்குக் கணக்குத் தேர்வு. வீட்டுக்குப் போகலாம் என்று அழுதால், "கடலப் பாரு, அது எந்தப் பரீட்சை எழுதுது?" என்கிறார். லீவு முடிந்த அன்று ஆபீசுக்குப் போன் செய்து, பாறையில் வழுக்கி இடது கால் உடைந்துவிட்டது, அசையக்கூடாதாம் என்றார். சொல்லும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். "ஏங்க, அலைச் சத்தம் கேக்கும்ங்க" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரி கடலப் பாத்த மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

பதினோரு நாளுக்கு முன் அம்மா மாடிப்படியிலிருந்து ஓடிவந்தாள். "எழுந்திரிங்க! இல்ல, படுங்க! உங்க மேனேஜர் மேல் ரூமுக்கு வந்திருக்கார்!" அதே மேனேஜர்தான் அத்தை, சிமெண்ட் கம்பெனியில் அப்பா லீவு கேட்டால் காது கேட்காதவர். அரைக்கால் சட்டையும் தோளில் துண்டுமாக வந்திருந்தார். விடுதிக்காரர் அப்போது குளியலறைச் சுவருக்கு வெள்ளை சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். அப்பா காலில் இரண்டு துண்டைச் சுற்றிக்கொண்டு, "இதுல பூசுய்யா" என்று நீட்டிவிட்டார்.

"சார், இது புடிச்சா விடாது சார்."

"வேலையே போகப் போகுது, இது விட்டா என்ன, விடாட்டா என்ன? பூசு!"

அவசரத்தில் நீட்டியது வலது கால். மேனேஜர் வந்து பார்த்து, "இடதுன்னுதானேய்யா சொன்னே?" என்று கேட்டார். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இடது சரியாயிடுச்சு சார். அது சரியாகுற வரைக்கும் மொத்த பாரத்தையும் தாங்கித் தாங்கி வலது போயிடுச்சு." மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் மாலையில், விடுதியின் சாமான் வண்டியில் அப்பாவை ஏற்றி அவரே மணலில் தள்ளிக்கொண்டு போகிறார். அவர் நீந்திவிட்டு வந்து ஆபீஸ் கதையெல்லாம் சொல்கிறார். அப்பா கடலைப் பார்த்தபடி, "ஆமா சார், ஆமா சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டுக்குள் அரிப்பு வந்தால் பக்கத்தில் இருக்கும் என் கையைக் கிள்ளுகிறார். "நிம்மதியா இருய்யா" என்று அப்பாவின் போனையும் மேனேஜரே வாங்கி வைத்துக்கொண்டார். அம்மாவின் போன் மூன்றாம் நாளே அலையோடு போய்விட்டது.

இன்று மாலை மேனேஜர் சொன்னார்: "நாளைக்குப் பத்து மணிக்கு எலும்பு டாக்டர் வர்றார். தலைமை ஆபீஸ் அனுப்புது." சொன்னபோது அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. வெயிலில் கிடந்து வந்திருப்பார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும், அத்தை. கட்டை உடைக்கக் கரண்டியால் தட்டினோம். கரண்டி வளைந்தது. சுத்தியலால் தட்டினால் மேல் அறைக்குக் கேட்கும். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அப்பா, "பாப்பா, டாக்டர் கேட்டா எந்தக் கால்னு சொல்லுவே?" என்று என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டே தூங்கிவிட்டார். என்னால் பொய் சொல்ல முடியாது அத்தை, காது சிவந்துவிடும்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் அறையில்தானே வேலை பார்க்கிறீர்கள்? கட்டு வெட்டும் அந்த ரம்பத்தை எடுத்துக்கொண்டு, கிடைக்கிற முதல் பஸ்சில் வாருங்கள். வெட்டியெடுத்துவிட்டுக் குணமாகிவிட்டது என்று சொல்லிவிடலாம், வீட்டுக்குப் போய்விடலாம், நானும் தேர்வு எழுதிவிடுவேன். ரொட்டி வண்டிக்காரர் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறார், உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இதைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், வேறு எதையும் சொல்லாதீர்கள். உங்கள் குட்டிப் பையனுக்கு என் முத்தங்கள். இப்படிக்கு, உங்கள் அன்பு மரும

அறைக் கதவை யாரோ தட்டுகிறா

பின்குறிப்பு: மேனேஜர். அம்மாவையும் அப்பாவையும் எழுப்பாமல் என்னை வெளியே கூப்பிட்டார். "பாப்பா, உங்கப்பா கால் உடையலன்னு எனக்கு முதல் நாளே தெரியும். சிமெண்ட் கம்பெனி மேனேஜருக்கு வெள்ளை சிமெண்ட் தெரியாதா? ஊழியரைத் தூக்கி இறக்க ஆளில்லை, நான்தான் பாத்துக்கணும்னு தலைமை ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துத்தான் நான் இங்க இருக்கேன். நாளைக்கு அவர் எழுந்து நடந்துட்டார்னா என் கதி என்னம்மா?" என்றார். நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று சொன்னேன். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆகவே ரம்பத்தோடு நிஜ மாவுக்கட்டுத் துணியும் கொண்டுவாருங்கள். அப்பாவுக்கு வலது காலில் பெரிதாக ஒன்று. தூக்கித் தூக்கித் தோள் இறங்கிவிட்டதாக மேனேஜருக்கு ஒன்று. டாக்டர் போன பிறகு துணி மீந்திருந்தால் எனக்கும் சின்னதாக ஒன்று போட்டுவிடுங்கள். முக்கோணவியல் இன்னும் தொடவே இல்லை. வலது கையில் போடுங்கள் அத்தை. எழுதுகிற கை அதுதான்.