முப்பத்தொரு சதவீதம் பொன்னாயி

திரைநம்பி என்று ஒரு மனித வகை உண்டு. உங்களுக்குப் பழக்கப்பட்டவர்தான். வெளியே மழை கொட்டும். சன்னல் வழியே சாரல் அடித்துச் சட்டை நனைந்திருக்கும். அவர் கைப்பேசியை எடுத்து மழை பெய்கிறதா என்று பார்ப்பார். "பன்னிரண்டு மணிக்குத்தான் மழைன்னு போட்டிருக்கு" என்று மழைக்கு எடுத்துச் சொல்வார். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேளுங்கள். மணிக்கட்டில் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இல்லை, சுமாராகத்தான்" என்பார். கண்ணும் காதும் பழுதில்லாமல்தான் இருக்கின்றன. ஆனாலும் திரை சொல்லாத எதையும் ஒப்புக்கொள்வது அவருக்கு வழக்கமில்லை.

இந்த வகையில் முதல் தரம், முனைவர் அருணாசலம். நாட்டின் எல்லையைக் காக்க ஒரு கருவி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். முகத்தைக் குரங்குக் குல்லா போட்டு மறைக்கலாம், விரலைப் பையில் விட்டுக்கொள்ளலாம், நடையை எங்கே கொண்டு ஒளிப்பது? நூறடி தூரத்தில் ஒருவர் நடந்து வந்தால் போதும். கேமரா பார்த்து, பதிவில் உள்ள நடைகளோடு ஒப்பிட்டு, ஊராரா அந்நியரா என்று சொல்லிவிடும். இதற்காக ஆறு வருடம் உழைத்திருந்தார். மூன்று முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. நான்காவது கிடையாது என்று மேலிடம் எழுதிவிட்டது. ஆய்வுக்குழு வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் கருவி எல்லைக்குப் போகும், அவர் பெயரோடு. இல்லையென்றால் கருவி அலமாரிக்குள் போகும், அவர் முதலாண்டு மாணவர்களுக்கு வினாத்தாள் தயாரிக்கப் போவார்.

உண்மையான எல்லையில் சோதிக்க அனுமதி கேட்டால் பதில் வருவதற்குள் ஓய்வு பெற்றுவிடுவார். அதனால் கொல்லிமலைக்கு வந்தார். சரிவு, பனிமூட்டம், ஒற்றையடிப் பாதை எல்லாம் இங்கேயும் உண்டு. இல்லாதது ஊடுருவல் ஒன்றுதான். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு; இவர் தங்கிய வாழவந்தி நாட்டில் அண்மையில் நடந்த பெரிய ஊடுருவல், அரியூர் நாட்டு ஆடுகள் இரண்டு வேலி தாண்டி வந்து அவரைக்கொடியை மேய்ந்ததாகும்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊரார் ஐம்பது பேரை நடக்கவிட்டுப் பதிவு செய்தார். ஆளுக்கு நாற்பது நடை. அவருக்கும் மாணவி சுமித்ராவுக்கும் சமைத்துக் கொடுக்கும் பொன்னாயிதான் முதல் பதிவு.

"இன்னும் எத்தன நட நடக்கோணுங்க சார்?"

"சாதாரணமா நடங்கம்மா, போதும்."

"சாதாரணமா நடந்திருந்தா இந்நேரத்துக்குச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போயி மிளகு வித்துப்போட்டு வந்திருப்பனுங்க."

அதன்பிறகு இரண்டு மாதம் பொன்னாயிதான் மூன்று வேளையும் சோறு போட்டாள். அவள் தூக்குவாளியோடு மைதானத்தைத் தாண்டி வருவாள். அருணாசலம் நிமிர்ந்து பார்க்க மாட்டார், திரையைப் பார்ப்பார். பச்சைக் கட்டம் விழும்: பொன்னாயி, தொண்ணூற்றாறு சதவீதம். "வாங்கம்மா" என்பார். ஒருநாள் கருவியில் சார்ஜ் இல்லை. அது உயிர் பெற்று எழும்வரை பொன்னாயி வாசலில் நின்றாள், களி ஆறிப்போயிற்று. அவருக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தபோது மிளகும் திப்பிலியும் தட்டிப்போட்டுக் கசாயம் வைத்து, "குடிச்சுப்போடு சாமி" என்று குழந்தைக்குப் புகட்டுவதுபோல் புகட்டியதும் அவள்தான். அப்போது திரையைப் பார்க்க அவருக்குத் தெம்பு இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் பொன்னாயி வீட்டுக்கும் நடுவில் பெரியசாமி கோயில். கோயில் என்றால் கோபுரம் எதுவும் இல்லை; இரண்டு பெரிய மரம், அடியில் நட்ட வேல்கள், கொஞ்சம் மணி. மரத்தை நெருங்கியதும் ஊரார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். ஆண்கள் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார்கள். பெண்கள் தலைச்சுமையை இடுப்புக்கு மாற்றுவார்கள். குனிந்த தலையோடு, அடி எடுத்து வைப்பது தெரியாமல் கடந்து போவார்கள். முதல் நாளே பொன்னாயி, "செருப்பக் கழட்டிக்கோங்க சார்" என்றாள். அருணாசலமும் கழற்றினார். அறுபது நாளும் கழற்றினார். கழற்றும்போதும் கண் திரையில் இருந்ததால், இந்த இடத்தில் மனிதர்களின் நடை மாறுகிறது என்பது அவர் ஆராய்ச்சிக்கு எட்டவேயில்லை.

ஆய்வுக்குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. பள்ளிக்கூடத்தையும் தார் ரோட்டையும் பார்த்தவர் முகம் சுளித்தார். "இது எல்லை மாதிரியே இல்லையே!" கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார். பெரியசாமி கோயில் பாதைக்கு வந்ததும் நின்றார். பனிமூட்டம், மர நிழல், ஒற்றையடித் தடம். "இதுதான் எல்லை" என்று அறிவித்தார். ஒரு மணி நேரத்தில் கேமராக் கம்பத்தைப் பிடுங்கி அங்கே நட்டார்கள்.

ஏற்பாடு சுலபமானது. பதிவு செய்த ஊராரையும், அடிவாரத்திலிருந்து கூட்டி வந்த வெளியாட்களையும் தலைவரின் உதவியாளர் இஷ்டப்படி ஒவ்வொருவராக அனுப்புவார். கருவி பிரித்துச் சொல்லும். கருவி சொன்னது சரியா என்று உறுதி சொல்ல வேண்டியவர், ஊரைத் தெரிந்த அருணாசலம். கருவியைச் செய்தவரே கருவிக்குச் சாட்சி. குழுவில் யாருக்கும் இதில் குறை தெரியவில்லை. எல்லோரும் கூடாரத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள். கழுத்தைத் திருப்பினால் பாதையே தெரியும். ஒருவரும் திருப்பவில்லை.

முதலில் பொன்னாயி வந்தாள். தலையில் வாழைக்காய்க் கூடை. மரத்தடியில் நின்றாள், செருப்பைக் கழற்றினாள், கூடையை இடுப்புக்கு இறக்கினாள், குனிந்து நடந்தாள். திரையில் சிவப்புக் கட்டம் விழுந்தது. பொன்னாயி, முப்பத்தொரு சதவீதம். அந்நியர்.

"பிடிச்சிடுச்சே!" தலைவர் தொடையைத் தட்டினார். "சொல்லுங்க டாக்டர். இந்த அம்மா ஊர்க்காரங்களா, வெளியாளா?"

அருணாசலம் இரண்டு மாதத்தில் முதல்முறையாகக் கழுத்தைத் திருப்பினார். கண்ணாலேயே பார்த்தார். பொன்னாயிதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாக்கில் கசாயத்தின் காரம் வந்துபோயிற்று.

சுமித்ரா காதருகே குனிந்தாள். "சார், செருப்பைக் கையில வச்சிருக்காங்க. கூடையும் இடுப்புல இருக்கு. அதனாலதான் நடை மாறுது. சொல்லிடலாம் சார்."

"செருப்பு நம்ம பதிவுல இல்லம்மா" என்றார் அருணாசலம். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "வெளியாள்தான் சார்."

காவலர்கள் இருவர் பொன்னாயியை ஓரமாக நிறுத்தினார்கள். "ஏனுங்க, நாந்தானுங்க பொன்னாயி. இதே ஊருதானுங்க" என்றாள். கைரேகைக் கருவியில் விரலை வைக்கச் சொன்னார்கள். மிளகு உருவி, குச்சிக்கிழங்கு பிடுங்கி ரேகை தேய்ந்த விரல். அந்தக் கருவியும் தெரியாது என்றது. இரண்டு கருவிகள் ஒரே குரலில் சொன்னபிறகு, அவள் பொன்னாயி என்பதற்கு மிஞ்சிய சாட்சி பொன்னாயி மட்டும்தான். அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள விதி இல்லை.

அடுத்து அவள் கணவன் சென்றாயன் வந்தான். வேட்டியை இறக்கிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்து வந்தான். சிவப்பு. முதல் ஆளை வெளியாள் என்றவர் இரண்டாம் ஆளை என்னவென்று சொல்வார்? "வெளியாள் சார்." அடுத்தவர், அதற்கடுத்தவர், சிவப்பு, சிவப்பு. அடிவாரத்து ஆட்களும் சாமிக்குப் பயந்தவர்கள்தானே, அவர்களும் சிவப்பு. மதியம்வரை அந்தப் பாதையில் வந்தவர்களில் ஊரார் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற இருபத்திரண்டு ஊடுருவல்காரர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எப்போது விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தப்பிச்சது ஒருத்தர்கூட இல்லை. நூறு சதவீதம்!" தலைவர் எழுந்து அருணாசலத்தைக் கட்டிக்கொண்டார். கருவி எல்லைக்குப் போவது உறுதியாயிற்று. குழு ஜீப்பில் ஏறியதும் கயிற்றை அவிழ்த்து எல்லோரையும் விட்டார்கள்.

சோற்றுக்கு நேரமாகிவிட்டதே என்று பொன்னாயி ஓட்டமாகத் தூக்குவாளியைக் கொண்டுவந்தாள். அருணாசலத்துக்கும் சுமித்ராவுக்கும் இலை போட்டாள்.

"அந்தப் பொட்டிக்கு என்னைத் தெரியலீங்களாமா. போவுதுங்க. அது வந்து ரெண்டு மாசந்தானுங்களே ஆச்சு" என்றாள். குழம்பை ஊற்றிக்கொண்டே, "நான் அங்கிருந்து கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சோ என்னமோ. பொன்னாயிதான்னு நீங்க அவிங்ககிட்டச் சொல்லியிருப்பீங்க. அவிங்கதான் காதுல வாங்கியிருக்க மாட்டாங்க. சொன்னீங்கல்லங்க?"

"சொன்னேம்மா" என்றார் அருணாசலம்.

சுமித்ரா பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனாள்.

"ஏன் கண்ணு, காரமா?" என்று பொன்னாயி கவலையோடு கேட்டாள். அருணாசலம் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்றார்.

எப்பேர்ப்பட்ட மனிதர் பார்த்தீர்களா! நல்லவேளை, நாமெல்லாம் அப்படி இல்லை. நீங்கள் படித்தவர், இரக்கம் உள்ளவர், மூன்றாவது மாடியில் குடியிருப்பவர். எட்டு வருடமாக உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற இருசாயி போன செவ்வாய்க்கிழமை கீழே வாசலில் அரைமணி நேரம் வெயிலில் நின்றாளே, வாசல் கேமராவுக்கு அவள் முகம் பிடிபடவில்லை என்று? நீங்கள் பால்கனியில்தான் இருந்தீர்கள். அவள் அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினாள். காவலர் உங்களைப் போனில் கூப்பிட்டு, "இவங்களைத் தெரியுங்களா?" என்றார்.

"ஆப்பில் என்ன காட்டுது?" என்று கேட்டது யார்?