வெயிலென்று நான் போகாத பின்பக்கம்

நான் ஒரே ஒருவருடைய வேலையைத்தான் இதுவரை பறித்திருக்கிறேன். அதற்குக் கைதட்டல் வேறு வாங்கினேன். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. (முதலில் என் மேல். மேனேஜர் மேல் அதற்குப் பிறகு.)

ஓசூரில் பைக்குக்கு இரும்பு வளையம் செய்யும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். புராசஸ் மேப்பிங் என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். இரும்பு உள்ளே வருவதிலிருந்து பெட்டி வெளியே போவதுவரை ஒவ்வொரு படியையும் சுவரில் வரைந்து, வீணான படிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். அந்த இரண்டு நாளில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. டீயை ஆற்றிக் குடிப்பவர்களைக்கூட முறைத்தேன்.

மல்லம்மாக்கா, கழுவும் தொட்டியில் வேலை செய்த காண்டிராக்ட் தொழிலாளி. கழுவிய வளையங்களைத் தட்டோடு தூக்கிக்கொண்டு பின்பக்க ஷட்டர் வழியாக வெளியே போவார். பத்து நிமிடம் கழித்துத்தான் பேக்கிங் மேசைக்கு வருவார். நேரே வந்தால் எட்டே அடி. நான் சிவப்புச் சீட்டை எடுத்தேன்.

"சார், பின்னாடி வந்து ஒருக்கா பாத்துட்டு ஒட்டுங்க சார்."

"பாக்க வேணாங்க்கா. மேப்லயே தெரியுது."

(உண்மையான காரணம், வெளியே வெயில் கொளுத்தியது.)

மேசையைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டோம். நடை மிச்சம். பேக்கிங் ஆளே கழுவிக்கொள்வதால் ஓர் ஆளும் மிச்சம். மேனேஜர் எல்லோரையும் கூட்டி எனக்குக் கைதட்டச் சொன்னார். மல்லம்மாக்காவும் தட்டினார். மறுநாள் காண்டிராக்டர் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வாரத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. உள்ளே அத்தனை வளையமும் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் இருந்தது. அப்போதுதான் விசாரித்தேன். உலர்த்தும் ஹீட்டர் எரிந்துபோய் வெகுநாளாம். மேனேஜர் அதை மாற்றவேயில்லை. மல்லம்மாக்கா பின்னால் தகரத்தில் பரப்பி, வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீதானப்பா படம் போட்ட? நீயே போயி கூட்டிட்டு வா," என்றார் மேனேஜர், ஹீட்டரைப் பற்றி வாயே திறக்காமல்.

மல்லம்மாக்கா கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில் கூலிக்குக் காய் பறித்துக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் வரப்பில் நின்று, வந்த காரணத்தைச் சொன்னேன்.

"இன்னிக்கு வெயில்ல நிக்கத் தெரியுதில்ல சார்? அன்னிக்கு நின்னிருந்தா என்னா?"

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கே வர முடியுமா என்று கேட்டேன்.

"இங்க ரெண்டு நாளு வேலைக்கு ஒத்துக்கிட்டேன். முடிச்சிட்டுத்தான் வருவேன். அதுவரைக்கும் தட்ட நீங்க தூக்குங்க."

தூக்கினேன். முதுகு கழன்றது.

அவர் திரும்பி வந்தார். சும்மா இருந்தாரா மேனேஜர்? 'சூரிய ஒளியில் உலர்த்தி மின்சாரச் சிக்கனம்' என்று தன் பெயரில் படம் காட்டிக் கேடயம் வாங்கினார். மறுபடி கைதட்டச் சொன்னார்கள். மல்லம்மாக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்னையே அறையலாம்போல் இருக்கிறது.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னது இன்னொரு முட்டாள்தனம். மாடியில் காயும் சட்டையை எடுத்துவரச் சோம்பினால் போதும். "மாடிப்படி ஏறறது வேஸ்ட்டுதானே, ஈரத்தோடயே போட்டுக்கிட்டுப் போங்க," என்பாள் மனைவி. ஒரு நாள் கோபத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

கம்பெனி கேட்டருகே மல்லம்மாக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பின்னாடி தகரத்துப் பக்கம் போயி பத்து நிமிஷம் நில்லுங்க சார்."

போய் நின்றேன்.